குடிவருவதாகச் சொன்ன வீடு

எங்கள் பகுதியில் ஒவ்வொரு வீட்டின் முன்புறத்திலும், வாசற்படிக்கு இடப்பக்கம், நிலத்தில் பதித்த ஓர் இரும்பு மூடி காணப்படும். அம்மூடியின் கீழே நீர்மானி உண்டு. மாதத்திற்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்கும் உரிமை பெற்றவன் ஒருவனே. அவனைத் தெருவார் அனைவரும் மீட்டர் என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் அவனுடைய சம்பளச் சீட்டில் மட்டும் புழக்கத்தில் இருந்தது.

அவனுடைய வேலை எளிதென்று எண்ணுவோர் அதைச் செய்து பார்த்தவர் அல்லர். மழைக்காலத்தில் குழிகளில் நீர் நிறைந்துவிடும். இடது முழங்காலை ஊன்றி, கொக்கியால் மூடியை நெம்பி, கைப்பிடி உடைந்த ஒரு கோப்பையால் நீரை இறைத்து, கண்ணாடியின் மேல் அப்பியிருக்கும் சேற்றைத் துணியால் துடைத்து, அதன் பின்னரே எண்ணைப் படித்து ஏட்டில் எழுத இயலும். நாளொன்றுக்கு நூற்றிருபது வீடுகள். எந்தக் குழியில் தவளை குடியிருக்கும், எந்தக் குழியில் பூரான் சுருண்டிருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். மாலையில் வீடு திரும்பும்போது அவன் காற்சட்டையின் இடது முழங்கால் மட்டும் ஈரமாக இருக்கும். அவ்விடத்தில் அவன் மனைவி இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடிக்கும் வேலை பார்த்தாள். அவர்களும் பள்ளிக்குச் செல்லும் மகளும் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் வாடகைக்கு வாழ்ந்தனர். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறி, மழைக்காலத்தில் சுண்ணாம்பு பொடிப்பொடியாகத் தலையணையின் மேல் உதிரும். அதை அவர்கள் பழகிக்கொண்டார்கள். பழகிக்கொள்ள முடியாதது வேறொன்று. மனைவியின் அக்காள் கணவர், அதாவது அவனுடைய சகலை, அவ்வாண்டு சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தார்.

விருந்துக்கு அழைத்திருந்தார்கள். உண்டு முடித்தபின் சகலை அவனை மாடிக்கு அழைத்துச் சென்று, தம் தொழிலை விளக்கினார்.

"வீடு வாங்கறதுக்குத்தான் சகல பணம் வேணும். வீட்டுக்கு அக்ரிமென்ட் போடறதுக்கு என்ன வேணும்? ஒரு பேனா வேணும்."

"வாங்கவே மாட்டோமா?"

"எதுக்கு வாங்கணும்? கொறைஞ்ச வெலைக்கு ஒரு அக்ரிமென்ட் போடறோம். ரெண்டு மாசம் டைம் கேட்டு வாங்கிக்கறோம். அதுக்குள்ள, கூட வெலை குடுக்கற ஆளாப் புடிச்சு, அந்தப் பேப்பரைக் கை மாத்தி விட்டுடறோம். நடுவுல நிக்கறது நமக்கு. ஆளுக்குப் பாதி."

"எனக்கு வேலை இருக்கே சகல."

"வேலையை விடச் சொன்னேனா? அந்த வேலைதான் ஐயா மொதலே! எந்த வீட்ல ஆள் இல்ல, எந்த வீட்ல ஒத்தை ஆள் கெடக்குதுன்னு தண்ணிக் கணக்கைப் பாத்தாலே சொல்லிடுவீங்க. அந்த நோட்டு மட்டும் என் கையில இருந்திருந்தா நான் இந்நேரம் உங்ககூடப் பேசிக்கிட்டு நிக்க மாட்டேன்."

சகலை சிரித்தார். அவனும் சிரித்தான். கீழே அவன் மனைவி, தன் அக்காளின் சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்த ஓசை மாடிவரை கேட்டது.

அன்று தொடங்கி அவன் இருவேறு மனிதர்களாக வாழத் தலைப்பட்டான். காலை ஏழு மணி முதல் நான்கு மணி வரை அரசாங்கத்தின் ஆள். நண்பகல் உணவு இடைவேளையில், ரொட்டியையும் அவித்த முட்டையையும் நின்றவாறே விழுங்கிவிட்டு, நீரேற்று நிலையத்தின் பின்சுவரோரம் ஒதுங்கித் தொலைபேசியில் பேசுபவன். ஏட்டில் எண் நகராத வீடுகளின் முகவரிகளை வேறொரு தாளில் எழுதிக்கொண்டான். விடுமுறை நாள்களில் சென்று கதவுகளைத் தட்டினான். மூன்று மாதங்களில் எவரும் இசையவில்லை. ஒரு முதியவர் மட்டும் நெடுநேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ மீட்டர் பாக்க வந்தியா, நான் எப்போ சாவேன்னு பாக்க வந்தியா?" என்று வினவினார்.

அவன் நிறுத்திவிட எண்ணியிருந்த வேளையில்தான் திரைச்சீலைக்காரம்மாள் தாமே வாய் திறந்தார்.

அந்த அம்மையார் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். கணவர் இறந்தபின் தனியே வாழ்ந்தார். பின்புறம் வேப்பமரமும் மேற்கே பார்த்த ஒரு பெரிய சாளரமும் கொண்ட பழைய வீடு அது. பதினோரு ஆண்டுகளாக மாதந்தோறும் அவன் அங்கே குனிந்து நிமிர்வதற்குள் ஒரு குவளைத் தேநீர் வாசற்படியில் வைக்கப்பட்டிருக்கும்.

"முட்டி ரெண்டும் போச்சு தம்பி. தையல் மெஷின் பெடலை மிதிச்சா உசிர் போகுது," என்றார் அம்மையார். "தங்கச்சி வந்து இருன்னு கூப்பிடறா. வித்துட்டுப் போயிடலாம்னு பாக்கறேன். ஆனா இந்த புரோக்கருங்க வாசலுக்கு வந்தாலே எனக்கு எரியுது. ஒருத்தன் வந்தான். செருப்புக்கூடக் கழட்டாம உள்ள வந்து, சுவரைத் தட்டித் தட்டிப் பாக்கறான். மாட்டுச் சந்தையா இது?"

"யாருக்குத்தான் குடுக்கலாம்னு இருக்கீங்க?"

"குடும்பமா ஒருத்தர் வரட்டும். குடியிருக்கறவங்களா வரட்டும். வெலையைக் கொறைச்சுக்கூடக் குடுக்கறேன். எம் புருஷன் ஒவ்வொரு ஆணியும் தன் கையால அடிச்ச வீடு."

அப்போது அவன் சொன்னதை, முன்கூட்டித் திட்டமிட்டுச் சொல்லவில்லை என்று பின்னாளில் பலமுறை தனக்குத் தானே கூறிக்கொண்டான். அது உண்மையாகவும் இருக்கலாம். அவன் சொன்னது இதுதான்:

"நாங்களே குடி வர்றோம்மா."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. சந்தை விலையில் ஆறில் ஒரு பங்கைத் தாமாகவே குறைத்தார். சகலை அன்று மாலையே ஒப்பந்தத்தாளைத் தட்டச்சு செய்து அனுப்பினார். வாங்குபவர் என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் 'அல்லது அவர் குறிப்பிடும் நபர்' என்று ஒரு தொடர் இருந்தது. அம்மையார் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி அவ்வரியில் விரல் வைத்தார்.

"இது யாரு தம்பி, குறிப்பிடும் நபர்?"

"வீட்டுக்காரி பேர்ல எழுதினாலும் எழுதுவேன். அதுக்காகத்தான்."

"நல்ல புத்தி," என்று கூறி அம்மையார் கையொப்பமிட்டார். "ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வா. அடுப்படி அவளுக்குப் பிடிக்கணும்ல?"

மறுக்க வழியில்லை. மனைவியிடம் அவன் பாதி உண்மையைச் சொன்னான். பாதி உண்மை முழுப் பொய்யைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும். வீடு ஒன்று பேசி முடித்திருப்பதாகவும், அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், கிடைத்தால் வாங்கலாம் என்றும் கூறினான்.

"நம்மால முடியுமாங்க?" என்றாள் மனைவி.

"பாப்போம்."

"பாப்போம்னா? எங்கக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்த வேகத்துல ஏதும் பண்ணிடாதீங்க. எனக்கு இந்தச் சுண்ணாம்பே போதும். தலைக்குப் பவுடர் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு."

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, மேற்குச் சாளரத்தின் முன் வந்ததும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். மழை விட்டிருந்தது. வேப்பமரத்தினூடே வெயில் தரையில் விழுந்து அசைந்தது. நாள் முழுவதும் சாளரமற்ற கூடத்தில் வெள்ளை விரிப்புகளை மடிப்பவள் அவள்.

"இந்த ஜன்னலுக்கு என்ன கலர் போடலாம்?" என்று அம்மையார் கேட்டார்.

"ஐயோ, எனக்கென்னம்மா தெரியும்? எங்களுக்கு வெள்ளையைத் தவிர எதுவும் கண்ணுல படாது."

"அப்போ வெள்ளை வேண்டாம். பச்சை? உன் மக எந்த ரூமுல படுப்பா? அந்த ரூமுக்கு வெயில் தாங்கற மாதிரி ரெட்டைத் துணி வெக்கணும். இரு, டேப்பை எடு. அந்த முனையைப் புடி. ஏன் தம்பி, நீ ஏன் ஓரமா நிக்கற? உன் வீடுதானே, வந்து புடி."

அவன் வந்து பிடித்தான். அளவு நாடாவின் மறுமுனையில் நின்றபடி அம்மையார் எண்களைச் சொல்ல, அவற்றை எழுதிக்கொள்ளும் வேலையும் அவனுக்கே வந்தது. எண்களை எழுதுவதில் அவன் கை தவறியதே இல்லை. அன்று இருமுறை அடித்து எழுதினான்.

அதன்பின் மனைவி ஞாயிறுதோறும் அங்கே செல்லலானாள். இரண்டாவது வாரமே 'அம்மா' போய் 'அக்கா' வந்துவிட்டது. அம்மையாரின் முழங்கால் நோகாதிருக்க அவளே இயந்திரத்தின் மிதிகட்டையை மிதித்தாள், அம்மையார் துணியை நகர்த்தினார். எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் சொட்டாது, எந்தக் கதவு மழையில் இறுகும் என்பனவற்றையெல்லாம் மனைவி இரவு உணவின்போது கணவனிடம் ஒப்பித்தாள். இடையிடையே கடன் என்னவாயிற்று என்றும் கேட்டாள். அவன் பருப்பில் ரொட்டியைத் தோய்த்தவாறே, "மேலிடத்துல இருக்கு," என்றான்.

ஆறாவது வாரம் சகலை ஆள் பிடித்துவிட்டார். சரக்கு லாரிகள் வைத்திருப்பவர். மழைக்கு ஒதுங்கியவர்கள் நிறைந்த ஒரு தேநீர்க்கடையின் உள்மேசையில் மூவரும் அமர்ந்தனர். நடுவில் நிற்கும் தொகை, அவன் பங்கு மட்டும், அவனுடைய பத்து மாதச் சம்பளத்திற்கு நிகராக இருந்தது.

"வீட்டை என்ன பண்ணப்போறீங்க?" என்று அவன் கேட்டான்.

"எந்த வீட்டை?" என்றார் லாரிக்காரர்.

"அந்த... நாம இப்போ பேசற வீட்டை."

"நான் எடத்தை வாங்கறேன் சார். வண்டி திரும்பறதுக்கு எடம் பத்தல."

சகலை மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். அவன் கையொப்பமிட்டான். வீடு திரும்பும் வழியில், கடன் மறுக்கப்பட்டுவிட்டதென்று மனைவியிடம் எந்தச் சொற்களால் சொல்வதென ஒத்திகை பார்த்தான். அம்மையார் ஊருக்குப் புறப்பட்ட பின் சொன்னால் போதுமென்றும் முடிவு செய்தான். அவ்வாறு செய்தால் எவருக்கும் எதுவும் தெரியாமலே முடிந்துவிடும் என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

அந்த வாரப் புதன்கிழமை மனைவிக்கு ஓய்வுநாள். பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கிக் கொடுப்பதற்காக அம்மையாரின் வீட்டிற்குச் சென்றிருந்தாள். முற்பகல் பதினொரு மணியளவில் இரண்டு ஆள்கள் நீளமான அளவு நாடாவுடன் வந்தனர். வாசலிலிருந்து பின்மதில்வரை அளந்தனர். பின்னர் ஒருவன் வேப்பமரத்தைக் கைகளால் கட்டிப் பிடித்துச் சுற்றளவு பார்த்தான்.

"யாருப்பா நீங்க? மரத்தை ஏன் கட்டிப் புடிக்கற?" என்றார் அம்மையார்.

"லாரி ஆபீஸ்ல அனுப்பினாங்கம்மா. எத்தனை லோடு செங்கல் வரும், மரம் எவ்வளவு தேறும்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"எந்தச் செங்கல்?"

"இடிக்கற செங்கல்தாம்மா."

"வீடு மாறி வந்துட்டே. இது மீட்டர்காரருக்குக் குடுத்த வீடு."

"அவர்தாம்மா பேப்பரைக் கை மாத்தி விட்டுட்டாரே! உங்ககிட்டச் சொல்லலியா?"

அம்மையார் அளக்க வந்தவனைப் பார்க்கவில்லை. திரும்பி, அடுக்களை வாயிலில் ஒரு தட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

மனைவி தட்டைச் சுற்றி முடித்தாள். பெட்டிக்குள் வைத்தாள்.

"தெரியும்க்கா," என்றாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவன் வீட்டிற்குள் நுழைந்தபோது மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்புகள் சலவைக்கூடத்தின் முறைப்படி, விளிம்போடு விளிம்பு பொருந்தி இருந்தன. மகள் பள்ளித்தோழி வீட்டிற்கு அனுப்பப்பட்டிருந்தாள்.

"அளக்க வந்திருந்தாங்க," என்றாள் மனைவி.

அவன் காலணியின் ஒரு கயிற்றை மட்டும் அவிழ்த்தவாறு நின்றுவிட்டான்.

"நீங்க பேப்பரைக் கை மாத்தி விட்டுட்டீங்கன்னு அக்கா முன்னாடி வெச்சே சொன்னாங்க. உனக்குத் தெரியுமான்னு அக்கா என்னைக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தெரியும்னு சொல்லிட்டேன்."

"ஏன்? உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!"

"தெரியாதுன்னு சொல்ல வாயெடுத்தேங்க. அதுக்குள்ள அவங்க மொகம் மாறிச்சு. ஐயோ பாவம், இவ புருஷன் இவளையும் சேத்து ஏமாத்தியிருக்கானேன்னு ஒரு பார்வை. பதினாறு வருஷம் உங்ககூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். அந்தப் பார்வையை என்னால வாங்கிக்க முடியல. திருடின்னு நெனைச்சாலும் தேவலைன்னு தோணிச்சு."

அவன் சுவரோரம் அமர்ந்தான். சுண்ணாம்புத் துகள்கள் அவன் தோளில் உதிர்ந்தன.

"உனக்கு ஒரு வீடு வாங்கறதுக்குத்தான் இதெல்லாம்..."

"என்னைச் சொல்லாதீங்க. நான் கேட்டேனா? எங்கக்கா புருஷன் மாடியில நின்னு சிரிச்சார், நீங்களும் சிரிச்சீங்க. அப்போவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வெலையைக் கொறைச்சு வாங்கினீங்க, சரி, அது வியாபாரம். என்னை ஏன் கூட்டிட்டுப் போனீங்க? நான் என்ன, கூடவே காட்டறதுக்கு ஒரு சாமானா?"

அவன் குனிந்து மற்றக் காலணியின் கயிற்றை அவிழ்த்தான்.

மறுநாள் நண்பகல், சீருடையோடும் ஏட்டோடும் அவன் அம்மையாரின் கதவைத் தட்டினான். உணவு இடைவேளை அரைமணி நேரமே. கதவு திறந்தது. உள்ளே வருமாறு அம்மையார் சொல்லவில்லை. தூறல் அவன் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன, மீட்டர் பாக்கற நாளா இன்னைக்கு?"

"இல்லம்மா. மன்னிப்புக் கேக்க வந்தேன். அந்தக் கூடுதல் பணத்துல என் பங்கு மொத்தமும் உங்களுக்குத்தான். பத்திரம் எழுதற அன்னைக்கு அங்கேயே குடுத்துடறேன்."

"குடு," என்றார் அம்மையார்.

அவன் திகைத்தான்.

"என்ன பாக்கற? வேணாம்னு சொல்லுவேன்னு நெனைச்சியா? கையெழுத்துப் போட்டுட்டேன், இனி வீட்டைத் திருப்ப முடியாது. அது என் வீட்டுப் பணம். வக்கீல் முன்னாடி எண்ணிக் குடு."

வேண்டாம் என்பார் என்று தன் மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்துக்கொண்டே வந்ததை அவன் அந்தக் கணத்தில்தான் அறிந்தான்.

"குடுத்துடறேம்மா. இன்னொண்ணும் சொல்லணும். எம் பொண்டாட்டிக்கு இது எதுவும் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவ நெசமாவே குடி வரப்போறோம்னுதான் நம்பினா."

அம்மையார் முதன்முறையாக அவனை நேராக நோக்கினார்.

"தெரியும்னு அவளே சொன்னாளே."

"அது... என்னை விட்டுக்குடுக்க மனசில்லாம சொன்னது."

"நீ குடி வர்றேன்னே. நம்பினேன். வீட்டுக்காரி பேர்ல எழுதுவேன்னே. நம்பினேன். இப்போ அவளுக்குத் தெரியாதுங்கறே. இதையும் நம்பணுமா? நல்லா இருக்குதே! அவ என் பக்கத்துல உக்காந்து ஆறு வாரம் பெடல் மிதிச்சா தம்பி. ஒரு வார்த்தை, ஒரு சாடை காட்டல. உன்னையாவது வியாபாரின்னு விட்டுடலாம். அவளை எனக்கு என்னன்னு சொல்றதுன்னே தெரியல."

"அம்மா, நான் சொல்றது..."

"மணியாகுது. நூத்தி இருபது வீடு இருக்குல்ல உனக்கு? போ."

கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டது. அவன் வாழ்நாளில் அவ்வளவு உண்மையான ஒரு சொல்லை எவரிடமும் சொன்னதில்லை. அதை நம்பவைக்க அவனிடம் நாணயம் எஞ்சியிருக்கவில்லை.

மாலையில் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "நம்பினாங்களா?"

"இல்ல."

அவள் தலையசைத்தாள். "சனிக்கிழமை சாமான் ஏத்தறதுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன்," என்றாள். "நான் போறேன். நீங்களும் வாங்க. பீரோவைத் தூக்க ஆள் இல்ல அங்க."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?"

"இருக்கற மூஞ்சியோட வாங்க."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்கள் இருவரும் அங்கே நின்றனர். வாடகை வண்டி வந்திருந்தது. ஓட்டுநர் வெளியூர் ஆள், எவரையும் அறியாதவர். அம்மையார் அவர்களைக் கண்டார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "மொதல்ல பீரோ," என்று பொதுவாகக் கூறினார்.

தூக்கினார்கள். பீரோ, கட்டில், தையல் இயந்திரம், பதினான்கு பெட்டிகள். ஈரப் படியில் மனைவியின் கால் ஒருமுறை வழுக்கியது. அம்மையாரின் கை தன்னையறியாமல் நீண்டு, பாதியில் நின்று, முந்தானையைச் சரிசெய்வதுபோல் திரும்பியது. மனைவி அதைப் பார்த்தாள். பார்க்காதவளாகப் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். இரண்டு மணி நேரத்தில் பேசப்பட்ட சொற்கள் 'மெதுவா', 'அந்தப் பக்கம்', 'உடையும்' என்பன மட்டுமே. தைத்து முடித்த பச்சைத் திரைச்சீலைகள் ஒரு பையில் கட்டப்பட்டு வண்டியின் மூலையில் கிடந்தன. அவற்றை ஏற்றியவளும் மனைவியே.

எல்லாம் ஏறியபின் அம்மையார் வீட்டைப் பூட்டினார். முன் இருக்கையில் ஏறுவதற்கு ஓட்டுநர் கை கொடுத்தார். அமர்ந்தபின் அம்மையார் தம் கைப்பையைத் திறந்து, ஓட்டுநரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் வண்டியைச் சுற்றிக்கொண்டு இவர்களிடம் வந்தார்.

"இந்தாங்க. ஆளுக்கு ஒரு நோட்டு. கூலி குடுக்கச் சொன்னாங்க."

அவன் ஓரடி பின்வாங்கினான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னே கொண்டு சென்றான்.

"வேணாம்ப்பா. நாங்க கூலிக்கு வரல."

"அட, ஏங்க? கம்மின்னு நெனைக்கிறீங்களா? அம்மா இவ்வளவுதான் குடுத்தாங்க," என்றார் ஓட்டுநர், நியாயமான மனிதர் ஆதலால்.

முன் இருக்கையின் பக்கக் கண்ணாடியில் அம்மையாரின் முகம் தெரிந்தது. அது இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

மனைவி கையை ஆடையில் துடைத்துக்கொண்டு முன்னே நீட்டி, தன் நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"வாங்கிக்கங்க," என்றாள் கணவனிடம். "தூக்கினோம்ல."

அவன் வாங்கிக்கொண்டான். ஓட்டுநர் ஏறி அமர்ந்து கதவைச் சாத்தினார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை இருவரும் நோட்டுகளைக் கையில் பிடித்தவாறே, தூறலில், கூலியாட்கள் நிற்பதுபோல் நின்றிருந்தார்கள்.